சுவரைப் பார்த்த முகம்

மகளின் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள் அந்தத் தாய்.

கூடத்துக்குள் நுழைந்ததும் தராசு அதைத்தான் கவனித்தார். மூன்றாவது மாடி வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின். காலடியில் துண்டுத் துணிகள். மெஷினுக்குப் பின்னால் ஒரு சதுரப் பலகை, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

தராசு என்பது அவர் பெயரல்ல. எதையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். துப்பறிவது தொழில். உதவியாளர் ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாயைத் திறந்துவிட்டு, பிறகு நேரமிருந்தால் யோசிப்பாள். கிராப்பு வெட்டிய தலை, தோளில் ஒரு பை, நிற்காத பேச்சு.

வரவழைத்த தையல்காரம்மா உட்காரச் சொல்லக்கூட மறந்து, ரேடியோவின் கிராப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதானா?" என்றார் தராசு, பலகையைக் காட்டி.

"அதுதான் சார். நீங்களே திருப்பிக்கோங்க."

ரேடியோ பலகையைத் திருப்பி மேஜை மேல் சாய்த்தாள். பலகை நிறையக் குத்திப் பதித்த பிளாஸ்டிக் பொம்மைக்கட்டைகள். விரல் நுனி அளவுக்கு வட்ட வட்டமாக, கறுப்பில் ஆரம்பித்துச் சாம்பல் வழியாக வெள்ளை வரை.

"பாஸ், அரிசியில எள்ளைக் கொட்டின மாதிரி இருக்கு. இதுல முகம் எங்க இருக்கு?"

"பின்னால போ."

போனாள்.

"இன்னும் போ."

"சுவர் இடிக்குது பாஸ். இதுக்கு மேல போகணும்னா பக்கத்து வீட்டுல கேட்டுக்கிட்டுத்தான்..." பேச்சு நின்றது. புள்ளிகள் எல்லாம் சட்டென்று ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டன. ஓர் இளம்பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மாடி!"

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு," என்றாள் தையல்காரம்மா. "என் பொறந்த நாளன்னைக்குக் கூரியர்ல ஒரு பெட்டி. அனுப்பினது யாருன்னு போடலை. உள்ளே பாக்கெட் பாக்கெட்டா கட்டை, ஒரு வெறும் பலகை, நம்பர் போட்ட தாள். ஒண்ணுன்னா கறுப்பு, அஞ்சுன்னா வெள்ளை. முடிச்சா என்ன வரும்னே தெரியாது. மெஷின்ல உக்காந்து இடுப்பு கடுத்தா, எழுந்து இதுல உக்காந்துடுவேன். நம்பரைப் பார்த்துப் பார்த்துக் குத்திக்கிட்டே வந்தேன். கடைசிக் கட்டையை வெச்சப்போ அடுப்புல பால் பொங்கிடுச்சு. ஓடிப்போய் அணைச்சுட்டுத் திரும்பினேன். சமையக்கட்டு வாசல்ல நின்னு பார்க்கறேன், என் பொண்ணு என்னைப் பார்த்துக்கிட்டிருக்கா."

"மகள் எங்க இருக்காங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே சார் உங்களைக் கூப்பிட்டேன்? ஆறு வருஷமாச்சு. எவனையோ பிடிச்சிருக்குன்னு சொன்னா. நாங்க வேண்டாம்னோம். சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டா. இருக்காளா இல்லையான்னே தெரியாது."

"இந்தப் படம் அவங்க போறதுக்கு முன்னால எடுத்ததா இருக்கலாம் இல்லையா?"

"இருக்காது. முடியைப் பாருங்க. அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழ தொங்கும். இதுல ஒரு பக்கம் காதோட போச்சு. இன்னொரு பக்கம் கழுத்து வரைக்கும் நிக்குது. துணிக்கத்தரியால வெட்டின மாதிரி கோணல்மாணலா... இந்தக் கோலத்துல அவளைப் படம் எடுத்தவங்க இந்த வீட்டுல யாரும் கிடையாது. போனப்புறம் எடுத்த படம்தான் சார். அவதான் அனுப்பியிருக்கா."

"கிராப்பு நல்லதும்மா," என்றாள் ரேடியோ. "ஷாம்பு மிச்சம், சீப்பு மிச்சம்."

தையல்காரம்மா சிரிக்கவில்லை.

பால்கனியில்தான் யாரோ சிரித்தார்கள். தாழ்ந்த குரலில், ஆனால் மனசு விட்டு.

"வீட்டுக்காரர்," என்றாள் அவள் சலிப்போடு. "பிளம்பர்கிட்ட பேசறார். சமையக்கட்டுக் குழாய் ஒழுகி மாசக்கணக்காச்சு. தினம் பேசறார். அவன் வந்த பாட்டைத்தான் காணோம்."

"எங்க பிளம்பர் போனையே எடுக்கமாட்டார். நீங்க குடுத்து வெச்சவங்க," என்றாள் ரேடியோ.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் இஸ்திரி போட்ட சட்டை. "பொம்மைக்கட்டைக்கெல்லாம் துப்பறியற ஆளா?" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பலகைப் பக்கம் பார்வை போகவே இல்லை.

தராசு காலிப் பெட்டியைக் குடைந்தார். அனுப்பியவர் முகவரி இல்லை, கடை முத்திரை இல்லை. கட்டைகள் வந்த பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் வாயையும் ஓர் அட்டைத் துண்டை மடித்து ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார்கள். அட்டையின் உள்பக்கம் வண்ண அச்சு. ஒன்றில் ஒரு காது. இன்னொன்றில் தொங்கும் நாக்கு.

"இது என்ன?" என்றார்.

ரேடியோ துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "நாய் பாஸ்! நாய் பிஸ்கட் பெட்டி. எங்க பக்கத்து வீட்டு டைகர் சாப்பிடற அயிட்டம். ஆனா இதுல கலர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நாய்க்கு நாலு கண்ணு இருக்கு."

"அப்படின்னா இது கடைக்கு வராத அட்டை. அச்சாபீஸ்லயே கழிச்சுக் கட்டினது. அந்தக் குப்பை யாருக்குச் சும்மா கிடைக்கும்?"

"அச்சாபீஸ் பக்கத்துல இருக்கறவனுக்கு."

"கிளம்பு."

* * *

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ரேடியோ கத்தினாள். "பாஸ், நல்ல சேதிதானே இது? காணாமப்போன பொண்ணு படம் அனுப்பியிருக்கா. அந்தம்மா முகத்துல ஏன் சந்தோஷமே இல்லை?"

"உனக்கு அப்படி ஒரு படம் வந்தா எங்க வைப்பே?"

"நடு வீட்டுல. வர்றவங்க போறவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன்."

"அவங்க எங்க வெச்சிருந்தாங்க?"

ரேடியோ யோசிக்க ஆரம்பித்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

* * *

நாய் பிஸ்கட் அட்டை அடிக்கும் அச்சாபீஸ் ஊருக்கு ஒன்றுதான் இருந்தது. அதன் மாடியில், மெஷின் அதிர்வில் நடுங்கும் தரையோடு ஓர் அறை. சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள், நிறவாரியாகக் கட்டைகள். 'உங்கள் போட்டோ, உங்கள் கையால்' என்று ஒரு பலகை. மணமக்கள், பூனை, பல் முளைக்காத பாப்பா எல்லோரும் புள்ளிகளாகச் சுவரில் சிரித்தார்கள்.

கடைக்காரர் வழுக்கைத் தலையர். தராசு தன் போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டிய உடனேயே அந்த வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக அரும்பிவிட்டது.

"கம்ப்ளெயின்ட்டா சார்?"

"ஏன், வரவேண்டியதா?"

"முகத்துல நான் கை வைக்கலை சார்! சத்தியமா. கண்ணு, மூக்கு, சிரிப்பு, எல்லாம் போட்டோவுல உள்ளது உள்ளபடி. முடியில மட்டும்தான்..."

தராசு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடியில என்ன?"

"கறுப்பு ஸ்டாக் இல்லை சார்."

"என்னது?"

"கறுப்புக் கட்டை. எல்லாம் கப்பல்ல வர்ற சரக்கு. அந்த வாரம் கன்டெய்னர் வரலை. அந்தப் பொண்ணுக்கோ அவ்வளவு முடி, பாதிப் படம் கறுப்பு! ஆர்டர் குடுத்த பெரியவர், வீட்டம்மாவோட பொறந்த நாளைக்குள்ள வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறார். என்ன பண்றது? கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் முடியைக் குறைச்சேன். காது வரைக்கும் ஏத்திட்டேன். அப்புறம் எண்ணிப் பார்த்தா இன்னொரு பக்கத்துல அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை. கழுத்தோட விட்டுட்டேன். காலியான இடத்துல வெளிர் சாம்பலை ரொப்பிட்டேன். தூரத்துல இருந்து பார்த்தா தெரியாதுன்னு நெனச்சேன்."

"போட்டோவுக்கே சலூன் வெச்சிருக்கீங்க," என்றாள் ரேடியோ. "இதுல சவரமும் உண்டா?"

தராசு சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"பாஸ், கதை முடிஞ்சுது," என்றாள் ரேடியோ மெல்ல. "முடி குட்டையா இருக்கறதாலதான் போனப்புறம் எடுத்த படம்னு அந்தம்மா நம்பினாங்க. முடியே பொய். பழைய படமாத்தான் இருக்கும். பாவம்."

"ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் இதை வை. அந்தம்மா என்ன சொன்னாங்க? முடி வெட்டியிருக்குன்னு சொன்னா சரி. கோணல்னு சொன்னா, அதுவும் சரி. துணிக்கத்தரியால வெட்டின மாதிரின்னாங்களே, அது?"

"தையல்காரங்க. அவங்க கண்ணுல கத்தரிதான் படும்."

"எதுல படும்? கிட்ட போனா வெறும் புள்ளி. தூரப் போனா மங்கலா ஒரு தலை. அதுல எந்தக் கத்தரின்னு எப்படித் தெரியும்? கண்ணால பார்த்ததைச் சொல்லலை ரேடியோ. கையால செஞ்சதைச் சொன்னாங்க."

கீழே அச்சு மெஷின் நின்றது. அறையின் நடுக்கமும் நின்றது.

"ஐயோ," என்றாள் ரேடியோ. அவள் கை தன்னிச்சையாகத் தன் பிடரிக்குப் போனது.

"சரி," என்றார் தராசு கடைக்காரரிடம். "பெரியவர் கொடுத்த போட்டோவைக் காட்டுங்க. நீங்க முடி வெட்டறதுக்கு முன்னால உள்ளதை."

கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

போட்டோ அல்ல அது. யாரோ போனில் அனுப்பிய படத்தை, திரையோடு சேர்த்து அப்படியே பிடித்து அனுப்பியிருந்தார் பெரியவர். அதே சிரிப்பு. அதே பெண், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல. முடி தோள் வழியாக இறங்கி மடி வரைக்கும் கிடந்தது. மடியில் ஒரு குழந்தை. தலையில் இரண்டு குட்டிக் குடுமி, அதில் சிவப்பு ரிப்பன். அம்மாவின் கூந்தலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெண் குழந்தை.

"பழைய படம் இல்லை," என்றாள் ரேடியோ. "அந்தம்மா சொன்ன காரணம் பொய். சொன்ன விஷயம் நிஜம். பொண்ணு உயிரோட இருக்கா பாஸ். முடி திரும்ப வளர்ந்து, பாப்பா பொறந்து..."

"குழந்தையை ஏன் விட்டீங்க?"

"பெரியவர்தான் முகம் மட்டும் போதும்னார் சார். 'மத்தது கூடாது'ன்னார்."

தராசு திரையின் உச்சியைத் தொட்டார். படத்தை அனுப்பியவரின் பெயர், பெரியவர் தன் போனில் எப்படிப் பதிந்து வைத்திருந்தாரோ அப்படியே, படத்துக்கு மேலே நின்றது.

பிளம்பர்.

* * *

வீட்டுக்காரர் மாடிப்படியின் திருப்பத்தில், காய்கறிப் பையோடு அகப்பட்டார். தராசு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பிளம்பர் நல்லாயிருக்காங்களா?"

பெரியவர் பையை மெதுவாகப் படியில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கா," என்றார். "போன மறு வருஷமே போன் பண்ணிட்டா சார். முதல்ல ரெண்டு நிமிஷம். இப்ப தினம்."

"உங்க மனைவி ஆறு வருஷமா செத்துப் பொழைக்கறாங்க. பக்கத்து பால்கனியில நின்னு நீங்க சிரிச்சுப் பேசறீங்க."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னா எனக்கும் போன் வராதுன்னுட்டா. நான் என்ன சார் பண்ண?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேலைக்குப் போயிருந்த மத்தியானம் இவ அவளைக் கதவைச் சாத்தி உக்காரவெச்சு, கழுத்தைப் பிடிச்சு அமுக்கி, மேஜை மேல இருந்த கத்தரியை எடுத்து... 'இப்பப் போடி அவன் முன்னால, எப்படிப் பார்க்கறான்னு பார்ப்போம்'னு சொல்லிச் சொல்லி வெட்டினாளாம். அந்தத் தலையில ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு என் பொண்ணு பஸ் ஏறினா. இவ எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்னும் அவளுக்குத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கட்டைப் படம்?" என்றாள் ரேடியோ.

"தினம் ராத்திரி மெஷின் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு இவ அழறதைப் பார்க்கறேனேம்மா. ஒரு தடவையாவது பொண்ணு சிரிக்கற முகத்தைப் பார்த்துக்கட்டும்னு நெனச்சேன். சொல்லக்கூடாதுன்னுதானே சொன்னா? காட்டக்கூடாதுன்னு சொல்லலையே." நிமிர்ந்து பார்த்தார். "பார்த்துட்டு சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டா. ஏன்னு எனக்கு இன்னும் புரியலை சார்."

"படத்துல முடி எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?"

"எனக்கு அதைக் கண் கொண்டு பார்க்கத் தைரியம் வரலை."

தராசு பெருமூச்சு விட்டார். "வாங்க. பையை எடுத்துக்கோங்க."

* * *

தையல்காரம்மா மெஷினில் இருந்தாள். மூன்று பேரும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"உங்க மகள் உயிரோட இருக்காங்க. நல்லாயிருக்காங்க," என்றார் தராசு. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மலருவதை அவர் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். இங்கே அந்த முகம் இன்னும் இறுகியது.

"என்னைக் காட்டிக் குடுக்கத்தானே இதை அனுப்பினா?"

"அவங்க அனுப்பலை. அனுப்பினது இவர்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். தராசு சுருக்கமாகச் சொன்னார். பிளம்பர் யார் என்று சொன்னார். மகள் போட்ட நிபந்தனையைச் சொன்னார். 'உங்களுக்கும் தெரியுமா' என்கிற பார்வை ஒன்று கணவன் மேல் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே விலகியது.

"அப்ப முடி?" என்றாள். "நான் எப்படி வெட்டினேனோ அச்சு அசலா அப்படியே இருக்கே? இந்தப் பக்கம் காதோட, அந்தப் பக்கம் கழுத்தோட. அவ துள்ளினா சார், அதான் கோணலாச்சு. 'நீ பண்ணினதை நீயே உக்காந்து ஒவ்வொண்ணா அடுக்கிப் பாரு'ன்னுதானே பெட்டியில போட்டு அனுப்பினா?"

"இல்லைம்மா. அது கடையில கறுப்புக் கட்டை தீர்ந்துபோனதால வந்தது. நிஜப் படத்துல முடி மடி வரைக்கும் இருக்கு."

"கறுப்புக் கட்டை..."

"ஸ்டாக் இல்லை. அவ்வளவுதான்."

யாருமே எதிர்பார்க்காதபடி அவள் சிரித்தாள். உதடு மட்டும் கோணிய சிரிப்பு.

"இத்தனை நாளா இதைப் பார்த்துப் பயந்தேன் சார். பயத்துக்குள்ளயே ஒரு ஆறுதலும் இருந்தது. திட்டறதுக்காவது என்னை நெனைச்சிருக்கான்னு. அதுவும் இல்லைன்னு சொல்றீங்க."

தராசு ஜன்னலோரம் போய் நின்றார்.

"ஏங்க," என்றாள் அவள் கணவனிடம், மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து. "எங்க இருக்கான்னு சொல்ல வேண்டாம். நம்பர் வேண்டாம். நான் பேசணும்னும் கேக்கலை. மடி வரைக்கும் முடின்னாரே இவர். அந்த மடியில... ஏதாவது உண்டா?"

பெரியவரின் கண்கள் நிரம்பிவிட்டன. மனைவிக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"பேரனா, பேத்தியா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றும் இல்லை, ஆமாம் என்றும் இல்லை. "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"அதைக்கூடவா?"

"உனக்கு ஒண்ணுமே தெரியக்கூடாதாம்."

தையல்காரம்மா ரேடியோவின் பக்கம் திரும்பினாள். அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், சுடச்சுட இருந்தன.

"நீ பார்த்தியேம்மா. உனக்கு யாரும் சத்தியம் வாங்கலை. நீ சொல்லு. பையனா, பொண்ணா?"

ரேடியோ தராசுவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குட்டிக் குடுமியும் சிவப்பு ரிப்பனும் நாக்கு நுனி வரை வந்து நின்றன. துண்டால் தலையை மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒருத்தியும் கூடவே வந்து நின்றாள்.

"கிட்ட போய்தான் பார்த்தேன்மா," என்றாள் ரேடியோ. "வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது."